பளிச்சு அண்ணன் துடைத்த படங்கள்

பளிச்சு அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பளிச்சு அண்ணன் வீடு எது என்று கேட்டால் மட்டும் நடக்கத் தெரியாத குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். சட்டையானாலும் தண்ணீர்க் குவளையானாலும் "பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது.

"இவரைக் கட்டினதுல எனக்கு ஒரு வசதி, வீடு கூட்டற வேலை மிச்சம்" என்பாள் அவர் மனைவி. "கூட்டின இடத்துல நடக்கத்தான் விடமாட்டார்."

அவர் தொழில் தொடங்கியது ஒரு போட்டோ ஸ்டூடியோவில். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்து கொடுக்கும் வேலை. மூக்கு ஓரத்து மருவை எடுப்பார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் வெளுப்பார், பல் மஞ்சளாக இருந்தால் வெள்ளையாக்குவார். வந்தவர்கள் தங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்" என்று காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி இருந்த நாளில் ஒரு பையன் சுருட்டிய தாள்களோடு வந்து நின்றான். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும், வரைந்த படங்களை எல்லாம் ஒழுங்காகப் படம் பிடித்து வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும் என்றான். அந்தத் தொகுப்புக்குப் போர்ட்ஃபோலியோ என்று பெயர் என்பதையே அவர் அன்றைக்குத்தான் கேட்டார். அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் அவன் சித்தி மகள் வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் தோழிகள் வந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் ஸ்டூடியோவை விட்டுவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்.

அந்த அறைக்குள் செருப்புக் கிடையாது. நுழைந்ததும் கை கழுவ வேண்டும், கழுவின கையை அவர் தொங்கவிட்டிருக்கும் துண்டில்தான் துடைக்க வேண்டும். ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டியிருப்பார், வெயில் நேராக விழாமல் இருக்க. பிள்ளைகள் கொண்டுவந்த படங்களைத் தரை முழுக்கப் பரப்பச் சொல்லி, காலுறையோடு பூனை மாதிரி நடுவில் நடப்பார். வேண்டாததைக் குப்புறத் திருப்பிப் போட்டுக்கொண்டே போவார். மிஞ்சியதுதான் கல்லூரிக்குப் போகும்.

"முதல் படம் அவங்கள உக்கார வைக்கணும். கடைசிப் படம் எழுந்திருக்க விடக் கூடாது. நடுவுல நீ யாருன்னு தெரியணும். அவ்வளவுதான்" என்பார்.

பெற்றவர்கள் சண்டைக்கு வருவதும் உண்டு. ஓர் அம்மாள், தன் மகன் பள்ளியில் பரிசு வாங்கிய அன்னப்பறவைப் படத்தைக் குப்புறப் போட்டுவிட்டார் என்று படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அம்மா, அந்த ஜோடி அன்னத்த இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கொண்டாந்துட்டாங்க. நீந்தி நீந்தி அதுங்களே களைச்சுப் போயிருக்கும். விட்டுடுங்க, கரையேறட்டும்" என்றார். அழுதவள் சிரித்துவிட்டாள்.

தேர்ந்தெடுத்தது முடிந்ததும் அவருடைய பழைய தொழில் தொடங்கும். ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, தாளில் இருக்கும் கறை, விரல் ரேகை, மடிப்பு, மங்கல் எல்லாவற்றையும் எடுப்பார். தாள் பால் மாதிரி ஆகிவிடும், கோடு மட்டும் நிற்கும். எடுத்து முடித்த பிறகு அழுக்கோடு இருந்த நகலை அழித்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

இவரை இந்த அளவுக்கு ஆளாக்கியது அவருடைய அக்கா. அப்பா போனபோது அக்காவுக்குப் பதினாறு, இவருக்கு எட்டு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா வழியில் பெரியப்பாமார் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் வந்தார், துக்கம் கேட்டார், போனார். இளையவர் வரவேயில்லை, அவர் மருமகன் மட்டும் வந்து அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான். அம்மாவின் தம்பி, அதாவது தாய்மாமன், தான் வேலை பார்த்த சலவைக் கூடத்தில் அக்காவைச் சேர்த்துவிட்டார். இந்த மூன்று வீட்டில் தனக்கு உதவி செய்தது யார் என்று அக்கா இன்றுவரை முடிவுக்கு வரவில்லை.

ஹோட்டல், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்க்கும் பெரிய கூடம் அது. படுக்கை விரிப்புகளை அமுக்கித் தேய்க்கும் நீராவி மெஷினில் அக்கா நின்றாள். நின்றாள் என்றால், அன்றைக்கு நின்றவள்தான், இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். தம்பி பள்ளிவிட்டு வாசலில் வந்து காத்திருப்பான். உள்ளே எட்டிப் பார்த்தால் குரல் மட்டும் வரும்: "உள்ள வராதே. சட்டை நசநசத்துடும்." வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டு அனுப்பியவள் அல்லவா. அவனும் போனதில்லை. வளர்ந்து, கல்யாணமாகி, தலை நரைக்கத் தொடங்கியும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

மெஷினின் தகடு பட்டு அக்காவின் வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் படம் எடுத்தபோது தம்பி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தழும்பை எடுத்துவிட்டான். பிள்ளை வீட்டார் நேரில் வந்தபோது, "படத்துல இது இல்லையே" என்று மாப்பிள்ளை அவள் கையைப் பார்த்துக் கேட்டார்.

"படம் பண்ணினது என் தம்பி. அவனுக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல" என்றாள் அக்கா.

அவர் சிரித்த சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது. லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி ரோட்டில் கழியும். ஒரே மகள். அந்த மகள் பள்ளிவிட்டால் நேரே சலவைக் கூடத்துக்குப் போய், மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வேலை முடியும்வரை வரைந்துகொண்டிருப்பாள். மாமா உள்ளே போகாத இடத்தில் அவள் வளர்ந்தாள் என்றே சொல்லலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றாள். அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மறுக்கவும் மனசில்லை.

"இந்த ஒரு தடவை போட்டுப் பாரு" என்றாள். "கெடைக்கலன்னா அடுத்த மாசமே என் பக்கத்து மெஷினுக்கு வந்துடணும். முதலாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இடத்த வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருக்கார். உன் மாமன் இத்தன பேர ஏத்திவிட்டான், உன்ன ஏத்திவிட மாட்டானா?"

பளிச்சு அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது.

மருமகள் படங்களைக் கொண்டுவந்து பரப்பினாள். பழம், பாத்திரம், சைக்கிள் என்று எல்லாரும் வரைவது கொஞ்சம் இருந்தது. கூடத்து வாசலில் பெண்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பென்சிலில் வரைந்திருந்தாள், அது அவருக்குப் பிடித்தது. மற்றவை அம்மா. மெஷின் முன்னால் அம்மா, விரிப்பைத் தூக்கும் அம்மா, முதுகு காட்டி நிற்கும் அம்மா. எல்லாம் கரியில் வரைந்து உள்ளங்கையால் தேய்த்தவை. தாள் பூராவும் சாம்பல் நிறம். அங்கங்கே ரப்பரால் எடுத்து வெளிச்சம் கொடுத்திருந்தாள்.

"கோடு நல்லா இருக்கு" என்றார் மாமா. "கை கழுவிட்டு வரைஞ்சிருக்கலாம்."

அவள் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து போன் வந்துவிட்டது. ஹோட்டல்கள் நிறைந்திருந்த வாரம், துணி மலைபோலக் குவிந்திருந்தது, மடித்துக் கொடுக்க ஆள் போதவில்லை. "மாமா, நீங்களே பாத்து அனுப்பிடுங்க. எனக்கு இந்த வாரம் வர முடியாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வேறு பிள்ளை என்றால் முடித்ததை ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். இவள் வீட்டுப் பிள்ளை, கேட்பானேன் என்று இருந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் வேலை செய்தார். சாம்பல் முழுவதையும் எடுத்தார். உள்ளிருந்து அக்கா தெளிவாக வெளியே வந்தாள். முகம், கழுத்து, முழங்கை, மெஷின் தகடு எல்லாம் கண்ணாடி மாதிரி. இவ்வளவு வருஷத்தில் இதுதான் தன் கையில் வந்த நல்ல வேலை என்று தோன்றியது. அனுப்பினார். அனுப்பினதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது, அது கல்லூரியின் சட்டம்.

வாரம் கழிந்து மருமகள் வந்ததும் பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த டீ ஆறியது.

"அம்மா எங்க நிக்கிறாங்க மாமா?"

"எங்க நிப்பா, மெஷின் முன்னாடிதான்."

"மெஷின் ஓடுதா?"

அவருக்கு விளங்கவில்லை. "படத்துல எப்படிம்மா ஓடும்?"

"நான் வரைஞ்சதுல ஓடிச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள், "கையில தழும்பு இருந்துதே, அதுவும் அழுக்கா?"

தழும்பை எடுத்ததே அவருக்கு நினைவில்லை. அவள் கோபப்படவில்லை, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். "கொழந்த டீயக் குடிக்காமப் போறாளே, என்னங்க சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் ஆறிய டீயை எடுத்து ஓரமாக வைத்தார். சொன்னது ஒன்றுமில்லையே, செய்ததுதானே.

மறுநாள் சலவைக் கூடத்துக்குப் போனார். வாசலில் நின்று பழக்கம், கொஞ்சம் நின்றார். பிறகு செருப்புக் கூட்டத்தில் தன் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஈரத்துணியைப் போட்டது மாதிரி இருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம், எங்கும் வெள்ளை. சத்தம் அடங்கியதும் வெள்ளை கொஞ்சம் விலகி, அதற்குள் ஒரு தோள் தெரிந்தது, ஒரு கை தெரிந்தது, அக்கா தெரிந்தாள். மறுபடி புஸ். அக்கா இல்லை. மறுபடி இருந்தாள். மருமகள் தாளில் தேய்த்திருந்த சாம்பல் எது என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. அவர் அழுக்கென்று எடுத்தது அக்கா முப்பது வருஷமாக நின்ற இடத்தை.

"டேய், யாருடா உள்ள வரச் சொன்னது?" நீராவிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சட்டையப் பாரு, கோணிப்பை மாதிரி ஆயிடுச்சு. என்ன விஷயம், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாக்கலாம்னு."

"பாத்தாச்சில்ல, போ. பளிச்சுங்கற பேரே போயிடும்."

அன்று மாலை மருமகளிடம் போய் உட்கார்ந்தார். "தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. "நேர்ல கூப்பிட்டாங்கன்னா அசலக் கொண்டுபோய்க் காட்டலாம் மாமா. கூப்பிட்டாத்தானே" என்றாள்.

கூப்பிட்டார்கள். செருப்புப் படம் பிடித்துப்போனதால் கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அசல் படங்களோடு வரச் சொல்லியிருந்தது.

பெரிய அட்டைப் பையை மாமா சுமந்துகொண்டு போய் அறைக்குள் வைத்தார். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஓர் அம்மாள், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர். கூட வந்தவர்கள் வெளியே இருக்கச் சொன்னதால் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. பேசுவது காதில் விழுந்தது.

"இது நீ அனுப்பின படம் இல்லையே" என்றார் ஆசிரியர்.

"அதேதான் சார்."

"அதுல வெறும் ஆள்தான் நிக்கிறாங்க. இதுல ஆளச் சுத்திக் காத்து இருக்கு, சூடு இருக்கு. அனுப்பினதுக்கு அப்புறம் யாரோ சொல்லிக் குடுத்து மறுபடி வரைஞ்சிருக்கே."

"இல்ல சார்."

"அப்புறம் வரைஞ்சத நாங்க எடுத்துக்க முடியாது, தெரியுமில்ல?" இது அம்மாளின் குரல். "நல்ல படம்தான். அதனாலதான் கேக்கறேன். வித்தியாசம் எப்படி வந்துது?"

மருமகளிடமிருந்து பதில் இல்லை. வேறு ஆள் கை படங்களில் படக் கூடாது என்பதும் அந்தக் கல்லூரியின் சட்டம். மாமாவைச் சொன்னால் அவர் பிழைப்புப் போகும், அவர் அனுப்பிய மற்றப் பிள்ளைகளையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின். பெஞ்சில் இருந்த பளிச்சு அண்ணனுக்கு அந்த மௌனத்தில் ஓடியது அத்தனையும் கேட்டது.

கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார். அழைக்காத இடத்துக்குள் அவர் நுழைந்தது அது இரண்டாம் தடவை.

"நான்தாங்க துடைச்சேன்."

"நீங்க யாரு?"

"தாய்மாமன். தொழிலும் இதுதான். பிள்ளைங்க படத்தத் தொகுத்துக் குடுக்கறது. தாள் அழுக்கா இருக்குன்னு நெனச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன். அது நீராவின்னு எனக்குத் தெரியல."

ஆசிரியர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "மாமா வந்து சொன்னா நாங்க நம்பிடணுமா? துடைக்கறதுக்கு முந்தின நகல் இருக்கா?"

"வெச்சுக்கறதில்ல."

"ஏன்?"

"அழுக்க யாராவது எடுத்து வெப்பாங்களா சார்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கொஞ்சம் யோசித்தார். மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் இருந்தன.

"அத எனக்குக் கொஞ்சம் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே மறுபடி துடைச்சுக் காட்டறேன். நீங்க வெச்சிருக்கற படம் வருதா பாருங்க."

அம்மாள் தலையசைத்தாள். முதுகு காட்டாமல் அக்கா பக்கவாட்டில் நிற்கும் படத்தை வைத்தார். திரையில் சாம்பல் நிறைந்து அக்கா வந்தாள். அவருடைய கை பழகின கை, வேகமாகப் போயிற்று. முதலில் தாளின் ஓரம் வெளுத்தது, பிறகு கூரைப் பக்கம், பிறகு மெஷினுக்கு மேலே சுருண்டிருந்த ஆவி. இப்போது அவர் சலவைக் கூடத்துக்குள் நின்று பார்த்தவர். எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பது இதுதான் முதல் தடவை. பின்னால் மருமகள் நிற்கிறாள் என்பதும் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும், கை நின்றால் அவளுக்கு இடம் இல்லை.

கடைசியில் கையைத் தழும்பின் மேல் கொண்டுபோனார். அது இருந்த இடம் வழவழவென்று ஆனது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

விண்ணப்பத்தோடு வந்திருந்த படத்தை ஆசிரியர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெஷின் காலில் கரிக்குச்சி உடைந்து கோணலாய்ப் போன ஒரு கோடு, அதுவரை இரண்டும் ஒன்று.

"போதும், மூடிடுங்க" என்றாள் அம்மாள். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டாள். "அந்தத் தழும்பு அவங்களுக்கு நெஜமாவே இருக்கா?"

"இருக்குங்க."

"பின்ன அத ஏன் எடுத்தீங்க?"

"முதல்ல எடுத்தது அவ கல்யாணத்துக்கு. அப்புறம் கை பழகிடுச்சு."

அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "வேற கை பட்டது தப்புதான், ஆனா எடுத்ததேயொழிய அது ஒண்ணும் சேக்கல. இதக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே நீ."

"மாமா வெளியே உக்காந்திருந்தார்" என்றாள் அவள்.

ஆசிரியர் மட்டும் விடவில்லை. "இனிமே உங்க கையில இருந்து வர்ற படத்தையெல்லாம் அசலோட வெச்சு ரெண்டு தடவ பாப்போம்" என்றார்.

"பாருங்க சார். பாக்கணும்" என்றார் பளிச்சு அண்ணன்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அட்டைப் பை இருவர் முழங்காலிலும் குறுக்கே கிடந்தது.

"ரெண்டாவது தடவை இன்னும் சுத்தமாத் துடைச்சீங்க மாமா" என்றாள் மருமகள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

இடம் கிடைத்தது. அக்கா முதலாளியிடம் போய்ப் பக்கத்து மெஷினுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு தடவை பார்ப்போம் என்று கல்லூரியில் சொன்ன செய்தி எப்படியோ பரவி, அந்த வருஷம் பளிச்சு அண்ணனிடம் வந்த பிள்ளைகள் குறைந்தார்கள். வந்தவர்களிடம் அவர் ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்து, "இது நீ போட்டதா, தானா பட்டதா?" என்று கேட்கத் தொடங்கினார். சில பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வா என்று அனுப்புவார். அறைக்குள் செருப்பு மட்டும் இன்றைக்கும் கிடையாது.

மருமகள் கல்லூரியில் சேர்ந்த வாரத்தில் அவர் ஒரு நல்ல கண்ணாடிச் சட்டம் செய்யச் சொல்லி, அசல் படங்களில் பெரியதையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். கூடவே துடைத்து அனுப்பிய படத்தின் அச்சு ஒன்றும் அதே அளவில் பைக்குள் இருந்தது, தூக்கிப் போட மறந்தது. அக்கா இரண்டையும் எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். நீராவிக்குள் நின்ற தன்னைப் பார்த்து, "என் பொண்ணு கண்ணு பொல்லாதது, வேர்வையைக்கூட விட்டுவைக்கல" என்றாள். ஆனால் ஆணி அடிக்கச் சொல்லிச் சுவரைக் காட்டியபோது அவள் கையில் இருந்தது மற்றது, இவர் துடைத்தது.

"அக்கா, அது இல்ல. அது தப்பான படம்."

"யாருக்குத் தப்பு? காலேஜுக்குத் தப்பா இருக்கும்."

"அதுல நீ எங்க நிக்கிறேன்னே தெரியாதுக்கா."

"தெரியாம இருக்கட்டும்டா" என்றாள் அக்கா. "நாள் பூரா ஆவிக்குள்ளதான் நிக்கிறேன். வீட்டுச் சுவத்துலயாவது கொஞ்சம் காத்தாட நிக்கறேனே."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பளிச்சு அண்ணன் அந்த அச்சைச் சட்டத்துக்குள் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்தார். மாட்டிவிட்டு இறங்கி, கண்ணாடியில் தன் விரல் பட்டுவிட்டதா என்று பார்த்தார். பட்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போனவர், அக்கா தன்னையே பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார்.

"துடைடா" என்றாள் அக்கா. "அது அழுக்குதான்."